செவியின் இரண்டாம் தொழில்

காது எதற்காக அமைந்துள்ளது என்று வினவினால், கேட்பதற்காக என்று குழந்தையும் விடை கூறும். அவ்விடை தவறன்று, ஆயினும் முழு விடையும் அன்று. கண்களை மூடிக்கொண்டு ஒற்றைக் காலில் நின்று பாருங்கள். உடல் ஒருபுறம் சாயத் தொடங்கியதும் அதை மூளைக்கு அறிவித்து, நாம் விழாமல் காக்கும் உறுப்புகளுள் ஒன்று உட்செவியில் இருக்கிறது.

உட்செவியில் நத்தைக்கூடு போன்ற பகுதி ஒலியை உணர்கிறது. அதனை அடுத்து மூன்று அரைவட்டக் குழல்களும் இரண்டு சிறு பைகளும் உள்ளன. தலை திரும்புவதைக் குழல்கள் உணர்கின்றன. தலை சாய்வதையும் நேர்க்கோட்டில் விரைவதையும் பைகள் உணர்கின்றன. பைகளினுள் மயிரிழை கொண்ட உயிரணுக்களும், அவற்றின்மேல் நுண்ணிய சுண்ணக் கற்களும் உண்டு. தலை அசையும்போது கற்கள் சற்றே பின்தங்க, இழைகள் வளைகின்றன. உடனே நரம்பின் வழியே செய்தி செல்கிறது.

இவ்வுறுப்புகள் பழுதுற்றால் தலை சுற்றும், நடை தள்ளாடும். ஆனால் இவை எலும்பினுள் ஆழப் புதைந்தவை. பழுது எந்தக் காதில், எந்தப் பையில் என்று அறிவது எங்ஙனம்? இங்கே ஒலியே துணைக்கு வருகிறது.

இத்தாலிய அறிஞர் பியேத்ரோ துல்லியோ, புறாக்களின் அரைவட்டக் குழலெலும்பில் துளையிட்டு ஒலி எழுப்பியபோது, அவை தலையைத் திருப்பக் கண்டார். அவருடைய ஆய்வுகள் 1929ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தன. ஒலி, கேட்கும் உறுப்பை மட்டுமன்றிச் சமநிலை உறுப்பையும் தூண்டக்கூடும் என்பது அதனால் புலனாயிற்று. மீன்களுக்கு நத்தைக்கூடு இல்லை. பைகளே அவற்றுக்குச் செவியாகப் பயன்படுகின்றன என்பதை எண்ணினால், இது வியப்பன்று.

1992ஆம் ஆண்டில் சிட்னி நகர மருத்துவர்களான கோல்பாட்சும் ஹால்மாகியும், உரத்த 'கிளிக்' ஒலியைக் காதில் செலுத்திக் கழுத்துத் தசையின் மின்னோட்டத்தைப் பதிவு செய்யும் முறையை விளக்கினர். காதின் பின்புறத்திலிருந்து மார்பெலும்பை நோக்கி இறங்கும் அத்தசை இறுகியிருக்கும்போது ஒலி விழுந்தால், ஏறத்தாழ 13 மில்லிவிநாடியில் அதன் இறுக்கம் கணநேரம் தளர்கிறது. செவிட்டுத்தன்மை உடையவரிடத்தும், சமநிலை உறுப்பு நலமாயிருந்தால் இத்தளர்ச்சி தோன்றக்கூடும். சமநிலை நரம்பை அறுத்துவிட்டாலோ அது மறைந்துவிடும்.

எந்த ஒலியும் இதற்குப் பயன்படுமா? படாது. பையைத் தூண்ட ஒலி மிக உரத்ததாதல் வேண்டும். 120 முதல் 130 டெசிபல் வரை செல்வதுண்டு. இயல்பான பேச்சு 60 டெசிபல் அளவினது. பத்து டெசிபல் ஏறுந்தோறும் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகும். ஆகவே 120 டெசிபல் ஒலி, பேச்சினும் பத்து இலட்சம் மடங்கு ஆற்றல் உடையது!

அடுத்தது சுருதி. விநாடிக்கு 500 அதிர்வுகளை ஒட்டிய ஒலிக்கே தசை நன்கு விடையளிக்கிறது. ஆனால் உட்செவி நீர் மிகுந்து வரும் மெனியர் நோயில், 1000 அதிர்வு ஒலிக்கு விடை சிறப்பாக அமைவதுண்டு. முதுமையிலும் இத்தகைய மாறுதல் காணப்படுகிறது. ஆதலால் 500 அதிர்வுகளால் மட்டும் சோதித்து, விடையில்லை என்று முடிவு செய்தல் தவறாகும். ஒலி திடுமெனத் தொடங்கிச் சில மில்லிவிநாடிகளில் முடிதலும் வேண்டும். அப்போதுதான் நரம்பிழைகள் ஒருங்கே கிளர்ந்தெழும். விநாடிக்கு ஐந்து முறை அளவில் ஒலியை ஒலித்து, நூறு விடைகளையேனும் சராசரி காண்பது வழக்கம். மிக விரைந்து ஒலித்தால் விடை சுருங்கிவிடும்.

ஒலி செல்லும் வழியும் கருதத்தக்கது. நடுச்செவியில் நீர் தேங்கினால், காற்றுவழி ஒலி வலிமை குன்றியே உட்செவியை அடையும். பை நலமாயிருந்தும் தசை அசையாது. அந்நிலையில் மண்டையெலும்பின்மேல் அதிர்வைச் செலுத்துவர். தசையின் இறுக்கமும் ஓர் அளவே. நோயாளி கழுத்தை நன்கு திருப்பாவிடில் விடை சிறுத்துத் தோன்றும். அதனைச் செவியின் குற்றமென்று கொள்ளலாகாது.

1998ஆம் ஆண்டில் அமெரிக்காவில் லாயிட் மைனரும் அவர்தம் குழுவினரும், மேலைக் குழலை மூடும் எலும்பில் இயற்கையாகவே திறப்புள்ள நோயாளிகளைக் கண்டறிந்தனர். உரத்த ஒலி கேட்டால் அவர்களுக்குத் தலை சுற்றும். துல்லியோவின் புறாக்களை நினைவூட்டும் இவர்களிடம், மற்றவர்க்குப் போதாத குறைந்த ஒலிக்கே தசை விடையளிக்கிறது.

இத்தேர்வில் அச்சமும் உண்டு. இதன்பின் கேட்கும் திறன் குறைந்ததாக 2015ஆம் ஆண்டில் ஒரு நோயாளியின் நிலை மருத்துவ இதழில் வெளியாயிற்று. குழந்தைகளின் செவித்துளை சிறியதாகையால், அதே ஒலி அங்கே மிகுந்த அழுத்தமாகிறது. எனவே ஒலியின் அளவையும் எண்ணிக்கையையும் வரையறுத்தல் மருத்துவரின் கடமை. செவியின் ஒரு தொழிலை ஆராயப் புகுந்து, மற்றொரு தொழிலை இழக்கச் செய்தல் ஆகாதன்றோ?

மாணவர்களே, கருவி காட்டும் விடையைக் குறித்துக்கொள்ளும் முன், நாம் விடுத்த வினா தக்கதா என்று பாருங்கள். விடை வராத இடத்தில் குறை செவியில் இருக்கலாம்; நாம் அனுப்பிய ஒலியிலும் இருக்கலாம்.