நுண்பாசியும் நீரில் கரைந்த மருந்தும்

பாசி என்றதும் படித்துறையின் வழுக்கலே நம் நினைவுக்கு வரும். கண்ணுக்குப் புலப்படாத நுண்பாசிகளோ நன்னீரின் உணவுக் களஞ்சியமாய் விளங்குகின்றன. கதிரொளியைக் கொண்டு அவை உணவு ஆக்குகின்றன. உயிர்வளியை நீருக்கு வழங்குகின்றன. பாசியை நுண்விலங்குகளும், நுண்விலங்குகளைச் சிறுமீன்களும், சிறுமீன்களைப் பெருமீன்களும் உண்டு வாழ்கின்றன. இத்தொடரில் மருந்து வழி வந்த ஹார்மோன் கலந்தால் யாது நேரும் என்பதை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

எத்தினைல் எஸ்ட்ராடையால் என்பது 1938-ஆம் ஆண்டு ஜெர்மனியில் செயற்கையாய் ஆக்கப்பெற்ற பெண்மை ஹார்மோன். கருத்தடை மாத்திரைகளில் இது பெரிதும் பயன்படுகிறது. உட்கொண்ட மருந்து முழுவதையும் உடல் சிதைப்பதில்லை. எஞ்சிய பகுதி கழிவோடு வெளியேறிச் சாக்கடை வழியே ஆற்றையும் ஏரியையும் அடைகிறது. இயற்கை ஹார்மோனைக் காட்டிலும் இது சிதைவதற்கு அரியது.

முதுகெலும்புள்ள உயிர்களில் இந்த ஹார்மோனை ஏற்றுச் செயற்படும் ஏற்பிகள் உண்டு. அத்தகைய ஏற்பி நுண்பாசியிடம் இல்லை. ஆய்வுக்கூடத்தில் லிட்டருக்கு மில்லிகிராம் என்னும் அளவில் கலந்தால் பாசியின் வளர்ச்சி குன்றுகிறது. நீர்நிலைகளில் காணப்படுவதோ நானோகிராம் அளவு. அதாவது, அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. குளோரெல்லா என்னும் பசும்பாசி, இயற்கை எஸ்ட்ராடையாலை வீரியம் குறைந்த எஸ்ட்ரோனாக மாற்றவும் வல்லது. அங்ஙனமாயின் அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை என்று நாம் முடிவு கட்டலாமா?

இவ்வினாவுக்குக் கனடா நாட்டின் ஓர் ஏரி விடை பகர்ந்தது. ஒண்டாரியோ மாநிலத்தின் ஆய்வு ஏரிப் பகுதியில் 260 என எண்ணிடப்பெற்ற ஏரியில், 2001 முதல் 2003 வரை மூன்று கோடைகளில், காரன் கிட் என்னும் அறிவியலாளரின் குழுவினர் இந்த ஹார்மோனைச் சேர்த்தனர். அளவு லிட்டருக்கு 5 முதல் 6 நானோகிராம். ஒரு கிராம் மருந்தை 20 கோடி லிட்டர் நீரில் கரைத்தால் கிடைக்கும் செறிவு ஏறத்தாழ இதுவே.

பாசி குறையவில்லை, நுண்விலங்குகளும் குறையவில்லை. ஆயினும் ஆண் மீன்களின் உடலில் முட்டைக்கருப் புரதம் தோன்றியது. ஃபேட்ஹெட் மின்னோ என்னும் சிறுமீன் இனப்பெருக்கம் குலைந்து, அந்த ஏரியில் அற்றுப்போகும் நிலையை எய்தியது. உண்ண வந்த சிறுமீன் அருகவே நுண்விலங்குகளும் பூச்சிகளும் பெருகின. சிறுமீனை நம்பியிருந்த டிரவுட் என்னும் பெருமீன் குறைந்தது. மருந்து சேர்ப்பது நின்று சில ஆண்டுகள் கழிந்த பின்னரே மின்னோ மீண்டும் பெருகியது.

இதனின்று நாம் பெறும் தெளிவு ஒன்று உண்டு. ஒரு வேதிப்பொருளைப் பாசியில் மட்டும் இட்டுப் பார்த்து, 'தீங்கில்லை' என்று சான்று கூறுதல் பொருந்தாது. அடித்தளம் பசுமையாய் இருக்க, அதன்மேல் எழுந்த மாடம் சரிந்துவிடக் கூடும். நீரின் நலத்தை அதன் உணவுத் தொடர் முழுவதையும் கொண்டே அளத்தல் வேண்டும்.

மருந்தைப் பழிப்பது நம் நோக்கமன்று. அது பலருக்கு இன்றியமையாதது. கழிவுநீரைத் தூய்மை செய்வதிலேயே தீர்வு உள்ளது. ஓசோனும் வீரியமூட்டிய கரியும் இத்தகைய எச்சங்களைப் பெருமளவு நீக்குகின்றன. சுவிட்சர்லாந்து 2016 முதல் குறிப்பிட்ட கழிவுநீர் நிலையங்களுக்கு இம்மேல்நிலைத் தூய்மையைச் சட்டமாக்கியுள்ளது. மிஞ்சிய மாத்திரையைச் சாக்கடையில் எறியாதிருத்தல் நம் ஒவ்வொருவர் கையிலும் உள்ளது. நம் வீட்டுக் குழாயில் வழிந்தோடுவது பிறிதோர் உயிரின் உறைவிடத்தைச் சேர்கிறது என்பதை நெஞ்சில் இருத்துவோம்.