சோளத்தின் கீற்று நோயும் எதிர்ப்புச் சக்திப் பரிசோதனையும்

நோயுற்ற தோட்டமொன்றிலே ஒரு செடி மாத்திரம் பச்சைப்பசேலென நிற்கக் கண்டால், அதன் விதையை அடுத்த போகத்திற்கெனச் சேர்த்து வைப்பது கமக்காரர் பலரின் வழக்கம். அச்செடி நோயை எதிர்த்து நின்றதா, அன்றி நோய் அதனை அணுகவேயில்லையா? ஆபிரிக்காவிலே சோளத்தில் நடத்தப்பட்ட பரிசோதனைகள் இதற்கு விடை தருகின்றன.

அங்கு சோளத்தைத் தாக்கும் கீற்று நோய் ஒரு வைரசினால் உண்டாவது. இலை நரம்புகளின் வழியே வெளிறிய மஞ்சட் கோடுகள் விட்டுவிட்டுத் தோன்றும். இளங்கன்றிலே பற்றினால் செடி குறுகி, பொத்தி கட்டாமற் போதலுமுண்டு. இலைத்தத்தி என்னும் சிறு பூச்சியே நோயுற்ற செடியின் சாற்றை உறிஞ்சி வந்து நல்ல செடிக்கு நோயை ஏற்றுகின்றது. இதனை ஸ்ரோறி என்னும் அறிஞர் 1920ஆம் ஆண்டுகளில் நிறுவினார். அப்பூச்சிகளுள்ளும் சிலவே நோயைக் காவ வல்லன என்றும், அவ்வியல்பு பரம்பரையாய் வருவதென்றும் 1932இல் அவரே காட்டினார்.

ஆகவே பூச்சி குறைந்த வருடத்தில் எவ்வினமும் நல்லினமாகவே தோன்றும். இக்காரணம் பற்றி, 1970ஆம் ஆண்டுகளில் நைசீரியாவின் இபாதான் நகரிலுள்ள சர்வதேச அயனமண்டல விவசாய ஆராய்ச்சி நிலையத்தார் பூச்சியைத் தாமே வளர்க்கத் தொடங்கினர். அழிக்கவேண்டிய பூச்சிக்கு ஊணிட்டு வளர்ப்பது நமக்கு வியப்பாகலாம், வேறு வழியில்லை. கூண்டுகளிலே கம்பம் பயிரில் அவற்றைப் பெருக்கி, நோயுற்ற சோளத்தில் விட்டுச் சாறு உறிஞ்சச் செய்து, காபனீரொட்சைட்டு வாயுவினால் மயக்கி, ஒவ்வோர் இளங்கன்றின் குருத்திலும் சிலவற்றை இட்டனர். மயக்கந் தெளிந்த பூச்சி அக்கன்றிலேயே உண்ணும். எக்கன்றும் எளிதில் தப்பாது. சில வாரங்களின் பின் கீற்றுகளின் அளவைக் கொண்டு 1 முதல் 5 வரை புள்ளியிடுவர். நோய்க்கு இலகுவில் ஆளாகும் இனமொன்றும் அருகே நடப்படும். அது நோயுறாவிடின் அப்பரிசோதனை செல்லாது.

எதிர்ப்புள்ள செடியிலும் சில கீற்றுகள் தோன்றலாம். அதன்பொருட்டு அதனைக் கழித்துவிடலாகாது. செடி வளர்ந்து பொத்தி நிரம்புகின்றதா என்பதையே நோக்கவேண்டும்.

நம் நாட்டிலும் வெண்டியின் மஞ்சள் நரம்பு நோயை வெண்ஈ பரப்புகின்றது. தப்பி நின்ற வெண்டிச் செடியின் விதையை உடனே தோட்டம் முழுவதும் இடாதீர்கள். அடுத்த போகத்தில் அதனை ஒரு வரிசையிலும், வழக்கமான இனத்தைப் பக்கத்து வரிசையிலும் இடுங்கள். இரண்டும் நோயுறாவிடின் அவ்வருடம் எதுவும் தெரியவில்லை என்றே கொள்க. வழக்கமான இனம் நோயுற்று மற்றையது நன்றாக நின்றால், அவ்விதையைத் தனியே எடுத்துவைத்து உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியருக்கு அறிவியுங்கள்.