கைக்குள் அடங்கும் போர்க்களம்

அரசாங்க அலுவலகத்தில் கோப்புகளை மொழிபெயர்த்துக் காலம் கழிக்கும் ஒருவன், ராட்சத இயந்திர மனிதர்கள் மோதும் விளையாட்டைப் பற்றிப் பேச முன்வந்தால் உங்களிற் சிலர் புன்முறுவல் பூக்கக்கூடும். பூக்கட்டும். ஊரை விட்டு வந்து, வேலை முடிந்த மாலைப் பொழுதை அறையில் தனியே போக்குவது எவ்வளவு கடினம் என்பதை வெளி மாநிலங்களில் வாழும் நம்மில் பலர் அறிவோம். என் தனிமையைப் பல மாலைகள் போக்கிய தோழன் இவ்விளையாட்டு.

வானளாவிய இயந்திர மனிதன் ஜப்பானியச் சித்திரக் கதைகளின் செல்லப் பிள்ளை. 1972-ல் கோ நாகாய் படைத்த ‘மாசிங்கர் இசட்’ கதையில், இயந்திரத்தின் தலைக்குள்ளேயே ஓர் இளைஞன் ஏறி அமர்ந்து அதனைச் செலுத்தினான். 1979-ல் தொடங்கிய ‘குண்டம்’ தொடரோ இவ்வியந்திரங்களைப் போர்ப் படைக்கலங்களாகவே கண்டு, போரின் துயரத்தையும் பேசிற்று. இவ்விரண்டின் இயந்திரங்களையும் ‘கெட்டர் ரோபோ’ என்பதனையும் ஒரே களத்தில் கூட்டி, 1991 ஏப்ரலில் ‘சூப்பர் ரோபாட் டைசென்’ என்ற விளையாட்டு ஜப்பானில் வெளியாயிற்று. ‘டைசென்’ என்றால் பெரும்போர் என்பது பொருள்.

அப்பெரும்போர் நிகழ்ந்த இடமோ மிகச் சிறியது. 1989-ல் வெளிவந்த ‘கேம்பாய்’ என்னும் கைக்கருவியின் திரையில் குறுக்கே 160 புள்ளிகள், நெடுக்கே 144 புள்ளிகள், சாயைகள் நான்கே. திரைக்குள் விளக்கும் இல்லை. சன்னலோரம் அமர்ந்துதான் ஆட வேண்டும். கண நேரத்தில் மாறும் சண்டையைவிட, நின்று நிதானித்துச் சிந்திக்கும் ஆட்டமே இத்தகைய கருவிக்குப் பொருத்தமானது. எனவே சதுரங்கத்தைப் போல் கட்டங்கள். நம் முறை முடிந்ததும் பகைவர் முறை. அந்த முதல் ஆட்டத்தில் இயந்திரங்களைச் செலுத்துவோர் இல்லை; அவற்றிற்கே உயிரும் உள்ளமும் உண்டு. பகை இயந்திரத்திடம் நயமாகப் பேசி நம் பக்கம் சேர்த்துக்கொள்ளவும் வழி இருந்தது.

ஜப்பானிலிருந்து திரும்பிய நண்பர் ஒருவர் அதனை எனக்குக் கொடுத்தார். ஜப்பானிய எழுத்தில் ஒன்றுகூட எனக்குத் தெரியாது. ‘தாக்கு’ என்று எண்ணி ஒன்றை அழுத்துவேன், நகர்ந்து நிற்கும். புதிய ஊரில் இறங்கிய முதல் வாரம், பலகை படிக்கத் தெரியாமல் ஏதோ ஒரு பஸ்ஸில் ஏறி எங்கோ இறங்கியவர்களுக்கு என் நிலை விளங்கும். பேசி வெல்லலாம் என்ற செய்தியே எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிய வந்தது. அதுவரை சேர்த்துக்கொள்ளத் தக்கவரையெல்லாம் சுட்டு வீழ்த்திக்கொண்டிருந்தேன்!

பல நிறுவனங்களின் கதைமாந்தர் கலந்திருப்பதால் உரிமைச் சிக்கல் மிகுதி. இவ்வரிசை நெடுங்காலம் ஜப்பானைத் தாண்டாமைக்கு அது ஒரு பெருந்தடை. 2002-ல் ‘கேம்பாய் அட்வான்ஸ்’ கருவிக்கென வந்த ‘ஒரிஜினல் ஜெனரேஷன்’ என்ற பாகத்தில் இவ்வரிசைக்கெனவே படைக்கப்பட்ட வீரர்களும் இயந்திரங்களும் மட்டுமே இடம்பெற்றனர். 2006-ல் அது ஆங்கிலத்தில் வெளியாயிற்று. என் போன்றோர்க்குக் கண் திறந்த ஆண்டு அது.

சதுரங்கத்தில் குதிரை ஒரு காயை வெட்டினால் வெட்டியதுதான். இங்கே அந்த உறுதி இல்லை. ஒவ்வோர் அடியும் குறி தவறாமல் விழுவதற்கு நூற்றுக்கு எவ்வளவு வாய்ப்பு என்பதை முன்கூட்டியே காட்டிவிட்டு, முடிவை நம்மிடம் விட்டுவிடுகிறது ஆட்டம். பகைவன் தாக்கும்போதும் நாம் சும்மா இருப்பதில்லை. பதிலடி கொடுக்கலாம், விலகினால் அவன் குறி தவறும் வாய்ப்பு மிகும், தடுத்து நின்றால் சேதம் பாதியாகும். பதிலடிக்கு ஆசைப்பட்டு அழிந்தவர் பலர். நானும் அவர்களில் ஒருவன்.

வீரர்களின் ஊக்கம் 100-ல் தொடங்கிப் போர் முற்ற முற்ற ஏறும். சில பேராயுதங்கள் அது குறிப்பிட்ட அளவை எட்டிய பின்னரே இயங்கும். வீரர்க்கு மனோபல ஆணைகளும் உண்டு: ஒன்று அடுத்த அடியின் வலிமையைப் பெருக்கும்; மற்றொன்று ஒரு தாக்குதலை முற்றிலும் தவிர்க்கும். ‘கருணை’ என்ற ஆணைதான் எனக்கு மிகவும் பிடித்தது. வலியவன் அடித்தும், பகைவனுக்கு 10 புள்ளி உயிர் எஞ்சியிருக்கும். எதற்கு என்கிறீர்களா? பின்னால் நிற்கும் அனுபவமற்ற இளைஞன் அப்பகைவனை முடித்து, அந்தப் பயிற்சியைத் தான் பெறுவதற்கு! என் அலுவலகத்தில் மூத்தவர் ஒருவர் எளிய பத்திகளைப் புதியவர்களுக்கென்று மிச்சம் வைப்பார். அந்த ஆணையைப் பயன்படுத்தும் போதெல்லாம் அவர் முகம் நினைவில் எழும்.

இவ்வாட்டத்தில் ‘ஆல்டைசென்’ என்ற செந்நிற இயந்திரம் பகைவனை நெருங்கி, கையிலுள்ள இரும்பு முளையை வெடிமருந்தின் விசையால் அவன் மார்பில் பாய்ச்சும். அதன் துணையான ‘வைஸ்ரிட்டர்’ தொலைவில் நின்று சுடுவது, கவசம் மெல்லியது. முன்னதை மட்டும் விரைய விட்டால் அது சூழப்பட்டு வீழும். ஒரு முறை சென்னைக்குச் செல்லும் ரயிலில் இப்பிழையைச் செய்தேன். இரண்டு மணி நேர உழைப்பு ஒரே அடியில் சரிந்தது. போர் நடுவே சேமித்த நிலையிலிருந்து மீண்டும் தொடங்கலாம். விளையாட்டே அதற்கு இடமளிக்கிறது. எதிர் இருக்கையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த சிறுவன், “மாமா, திரும்ப ஆரம்பிங்களேன்” என்றான். விரல் பொத்தான் வரை போயிற்று. எஞ்சியவர்களைக் கொண்டே ஆடுவதென்று முடிவு செய்தேன். இட்டார்சி நிலையம் வருமுன் தோற்றேன். சிறுவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

இக்கருவிகள் இன்று பழைய பொருளாகத்தான் கைமாறுகின்றன. முதலில் வந்த ‘அட்வான்ஸ்’ கருவியிலும் திரைவிளக்கு இல்லை. 2003-ல் வந்த மடக்கு வகையில் உண்டு. பழைய கார்ட்ரிட்ஜ்கள் பலவற்றுள் நாணய அளவில் ஒரு பாட்டரி இருக்கும்; அது தீர்ந்தால் சேமித்த ஆட்டம் அனைத்தும் அழிந்துபோம். வாங்குமுன் ஒரு முறை சேமித்து, அணைத்து, மீண்டும் இயக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.