பைப்பை அறுக்கும்போது தொடங்கும் பாடம்

கரடுமுரடான தடத்தில் ஓடும் வண்டியை மாணவர்களே உருவாக்கிப் போட்டியிடும் ‘பாஹா’வுக்கு வண்டி கட்டும் பொறியியல் மாணவர்களுக்கு முதல் சோதனை சட்டத்துக்கான பைப்பிலேயே காத்திருக்கிறது. கணினித் திரையில் ஒரு பைப் இன்னொன்றின் மேல் இம்மி பிசகாமல் உட்கார்ந்திருக்கும். பட்டறையில் அதையே நேராக அறுத்து வைத்தால் நடுவே வெளிச்சம் தெரியும். முனையை வளைவாகக் குடைந்து, அரத்தால் ராவி ராவிப் பொருத்த வேண்டும். இடைவெளியை வெல்டிங்கிலேயே அடைத்துவிட்டால் மூட்டு பலவீனமாகிவிடும். ஒரே பக்கமாகப் பற்றவைத்தாலும் வம்புதான். உலோகம் ஆறும்போது சுருங்கிச் சட்டத்தையே ஒருபுறமாக இழுத்துவிடும். அதனால்தான் முதலில் அங்கங்கே டேக் அடித்து (சிறு புள்ளியாக மட்டும் பற்றவைத்து), அளவு பார்த்து, பக்கம் மாற்றி மாற்றிப் பற்றவைக்கச் சொல்வார்கள். சூடானால் விரியும், ஆறினால் சுருங்கும் என்று பள்ளியிலேயே படித்தவர்கள்தான் இவர்கள். சதுரமாக வரைந்த சட்டம் கோணிக்கொண்டு நிற்கும்போதுதான் அந்த வரி மண்டையில் ஏறுகிறது.

இந்தியாவில் இந்தப் போட்டி 2007 முதல் நடக்கிறது. பெட்ரோல் வண்டிப் பிரிவில் எல்லா அணிகளுக்கும் ஒரே வகை எஞ்சின். சட்டமும் சஸ்பென்ஷனும் மாணவர் பொறுப்பு. கரடுமுரடான தடத்தில் 4 மணி நேரம் வண்டி தாக்குப்பிடிக்க வேண்டும். இந்தப் பைப்பை ஏன் எடுத்தீர்கள், ஏன் இந்தத் தடிமன் என்று நடுவர்கள் துருவித் துருவிக் கேட்பார்கள். என்னைக் கேட்டால், படிப்பு நடப்பது இந்தக் கேள்விகளில்தான். உடைந்த பாகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கணக்கை மறுபடி போட்டுப் பார்க்கிறவருக்கு ‘ஸ்ட்ரெஸ்’ (தகைவு) என்பது தேர்வுக்கு உருப்போடும் சொல்லாக இருப்பதில்லை.

ஆனால் இந்த வாய்ப்பு கிடைப்பது ஒரு சிலருக்கே. மற்றவர்களுக்கு முதலாண்டுப் பட்டறை வகுப்போடு சரி. இரும்புத் தகட்டில் ‘வி’ வடிவம் அறுத்துத் தேய்த்து, ட்ரை ஸ்கொயர் வைத்துச் செங்கோணம் பார்த்து, ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கிவிட்டால் முடிந்தது. ராவிய துண்டு ஏன் பொருந்தவில்லை என்று யாரும் கேட்பதில்லை. இன்னொரு துண்டும் கொடுப்பதில்லை. இறுதியாண்டில் ரெடிமேட் புராஜெக்டைக் காசு கொடுத்து வாங்கும் அவலத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

வழி இல்லாமல் இல்லை. கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி 1951-ல் தொடங்கியபோதே, 1926 முதல் இயங்கிவந்த தொழிற்கூடம் அதற்குத் துணையாக இருந்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் மாணவர்களே நடத்தும் புத்தாக்க மையம் 2008-ல் வந்தது. எல்லாக் கல்லூரிக்கும் அவ்வளவு வசதி வராதுதான். ஆனாலும் மாலையில் பட்டறையைப் பூட்டாமல் ஒரு இன்ஸ்ட்ரக்டரை அங்கே இருக்கச் செய்யலாம். வடிவமைப்புப் பாடத்தின் மதிப்பெண்ணில் ஒரு பங்கை, முதலில் செய்தது ஏன் உடைந்தது என்று எழுதி, மறுபடி செய்து காட்டுபவர்களுக்குக் கொடுக்கலாம்.