வண்டலூர் காருக்கு கிட் கிடையாது

கூடுவாஞ்சேரி ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்த அரைச் சாண் காரைப் பார்த்துவிட்டு, எங்கள் தெருப் பையன் கேட்டான்: "அண்ணா, இது எந்தக் கடையில வாங்கினது?"

வாங்கவில்லை தம்பி, செய்தது. இது ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, நாலு கதவு மாடல். நிஜக் காரை நம் பக்கத்தில்தான், வண்டலூர், பெருங்களத்தூர் பகுதியில் செய்தார்கள். இந்த நாலு கதவு ஹெரால்டுக்குப் பாகங்களைப் பெட்டியில் அடைத்து விற்கும் கிட் எதையும் நான் எங்கும் பார்த்ததில்லை. அப்படியானால் இது எப்படி வந்தது என்று அவன் கேட்டான். பதில் சொல்லி முடிக்க இரண்டாவது டீயும் சொல்ல வேண்டியதாயிற்று.

முதலில் நிஜக் காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது தெரியாமல் அதன் மாடலைச் செய்ய முடியாது.

இதன் மூலமான ட்ரையம்ஃப் ஹெரால்டு 1959-இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. உருவம் வரைந்தவர் இத்தாலியரான ஜொவானி மிக்கெலோட்டி. அந்தக் காலத்தில் புதிய கார்கள் பலவற்றில் தனிச் சட்டம் போய், பாடியே சட்டமாகவும் இருக்கும்படி ஒரே கூடாகச் செய்யத் தொடங்கியிருந்தார்கள். ஹெரால்டோ பழையபடி தனிச் சட்டத்தின்மேல் உட்கார்ந்தது. காரணம் உண்டு. இதைத் தயாரித்த ஸ்டாண்டர்ட் ட்ரையம்ஃப் நிறுவனத்துக்கு பாடி செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்டு லட்லோ கம்பெனியை 1953-இல் போட்டி நிறுவனமான பி.எம்.சி. வாங்கிக்கொண்டது. முழு பாடியையும் ஒரே இடத்தில் செய்து கொடுக்க ஆள் இல்லை. அதனால் பாடியைத் துண்டு துண்டாகப் பிரித்து, வெவ்வேறு இடங்களில் செய்து, கடைசியில் போல்ட் போட்டு முடுக்கினார்கள். பானெட் முழுசாக முன்பக்கம் சாய்ந்து திறக்கும். கூரையைக் கழற்றினால் கார் நிற்கும்.

இந்தத் துண்டு பாடிதான் மெட்ராஸுக்கு வசதியாக அமைந்தது. இங்கே ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961-இல் 948 சி.சி. எஞ்சினோடு ஹெரால்டைத் தயாரிக்கத் தொடங்கியது. நம் ஊரில் கார் என்றால் குடும்பமே ஏறும். இரண்டு கதவு போதாது. 1960-களின் கடைசியில் நாலு கதவு ஹெரால்டும், கம்பானியன் என்ற ஸ்டேஷன் வேகனும் வந்தன. இங்கிலாந்தில் நாலு கதவு ஹெரால்டு விற்பனைக்கு வந்ததே இல்லை. 1970-களின் தொடக்கத்தில் முகமும் முதுகும் மாற்றி கெஸல் என்ற காரைக் கொண்டுவந்தார்கள். அதில், பின் சக்கரங்கள் தனித்தனியே அசையும் ஹெரால்டின் ஸ்விங் ஆக்ஸிலை எடுத்துவிட்டு, லாரிக்கு இருப்பதுபோல் நேரான பின் அச்சைப் போட்டார்கள். மெக்கானிக்குகளுக்குப் பழக்கமானது அதுதான். 1985-இல் வந்த ஸ்டாண்டர்ட் 2000 இன்னும் ஒரு படி மேலே போனது. ரோவர் எஸ்.டி.1-இன் பாடிக்குள் பழைய வேன்கார்டு காலத்து எஞ்சின் வம்சத்தின் 1991 சி.சி. வடிவத்தை உட்காரவைத்தார்கள். அந்த எஞ்சினின் உறவுக்காரன் ஃபெர்குசன் டிராக்டரிலும் ஓடியது. அந்தக் கார் விலைபோகவில்லை. 1988-இல் தயாரிப்பு நின்றது.

மாடல் செய்கிறவர்கள் ஒரு கிட்டின் பாடியையும் இன்னொன்றின் சக்கரத்தையும் சேர்த்து, இல்லாததைத் தாங்களே வெட்டிச் செய்வதை கிட்பேஷிங் என்கிறார்கள். அமெரிக்காவில் ஏ.எம்.டி. கம்பெனி 1958-இலிருந்து ஒரே காரை மூன்று விதமாகக் கட்டும் 3 இன் 1 கிட்டுகளை விற்று இந்தப் பழக்கத்தை வளர்த்தது. 1977-இல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்தின் விண்கலங்கள் மேல் ஒட்டியிருக்கும் நுணுக்கங்களில் பல, டாங்கி கிட்டுகளிலிருந்து பிடுங்கியவை. வண்டலூர் எஞ்சினியர்கள் அதே வேலையை நிஜ இரும்பில் செய்தார்கள் என்பதே என் எண்ணம். அதனால் அவர்கள் காரைச் சின்ன அளவில் செய்ய இதைவிடப் பொருத்தமான வழி கிடையாது.

இனி வேலை. ஏர்ஃபிக்ஸ் கம்பெனி ட்ரையம்ஃப் ஹெரால்டு கிட்டை 1/32 அளவில் வெளியிட்டது. டிங்கியும் கார்கியும் வார்ப்புப் பொம்மையாகச் செய்தன. எல்லாமே இரண்டு கதவு. ஏர்ஃபிக்ஸ் கிட்டை அடிப்படையாக எடுத்துக்கொள்ளலாம். நிஜ ஹெரால்டின் நீளம் 3,886 மில்லிமீட்டர். 32-ஆல் வகுத்தால் 121. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே 2,324, அது 72.6 ஆகும். இந்த இரண்டு எண்களையும் சுவரில் எழுதி ஒட்டிவிடுங்கள். பிறகு நிஜக் காரின் பக்கவாட்டுப் படம் வேண்டும். மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டரிங் கிளப்காரர்கள் கூடும் பழைய கார் காட்சிகளுக்குப் போய்த் தேடுங்கள். கார் கண்ணில் பட்டால் பத்து மீட்டர் தள்ளி நின்று, கதவின் பாதி உயரத்துக்குக் குனிந்து, ஜூம் வைத்து எடுங்கள். கிட்டே நின்று எடுத்தால் நடுப்பகுதி வீங்கித் தெரியும், அளவு பொய்யாகும். அந்தப் படத்தைக் கார் 121 மில்லிமீட்டர் வரும்படி பிரிண்ட் போட்டால் அதுவே உங்கள் வரைபடம்.

கதவு மாற்றுவதுதான் இதில் உயிரான வேலை. இரண்டு கதவுக் காரின் கதவு நீளமானது. அதன் பின் கோடு முன் சீட்டைத் தாண்டி இருக்கும். அந்தக் கோட்டை அழிக்க வேண்டும். எல்லோரும் உடனே பட்டி எடுத்து அப்புவார்கள். பட்டியில் உள்ள தின்னர் ஆவியாகப் போகப் போக அது சுருங்கும். பெயிண்ட் அடித்து ஒரு மாதம் கழித்துப் பழைய கோடு மெல்ல மேலே தெரியும். கிட்டின் பாகங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் சட்டம் மிஞ்சும் அல்லவா, அதில் ஒரு துண்டை மெழுகுவர்த்திச் சூட்டில் காட்டி இழுங்கள். நூல் போல நீளும். அந்த நூலைக் கோட்டுக்குள் படுக்கவைத்து, மாடல் சிமென்டைப் பிரஷ்ஷால் தொடுங்கள். இந்த சிமென்ட் ஒட்டும் பசை கிடையாது. பிளாஸ்டிக்கைக் கரைத்து இரண்டையும் ஒன்றாக்கும். பாடியும் நூலும் ஒரே சரக்கு என்பதால் பின்னால் சுருங்கிப் பிரியாது. ஒரு ராத்திரி விட்டு, பிளேடால் சீவி, 400, 800, 1200 என்று வாட்டர் பேப்பரைத் தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் கோடு இருந்த இடமே தெரியாது.

புதுக் கோடு போடுவது அதைவிடப் பொறுமையான வேலை. கத்தியால் கீறினால் பிளாஸ்டிக் இரு பக்கமும் ஒதுங்கி வரப்பு கட்டும். அதற்கென்று உள்ள ஸ்க்ரைபர் ஊசி பிளாஸ்டிக்கைச் சுரண்டி எடுக்கும். தடிமனான லேபிள் டேப்பை ஒட்டி, அதன் ஓரமாகக் கனமே கொடுக்காமல் பல முறை இழுங்கள். நிஜக் காரில் கதவு இடுக்கு 4 மில்லிமீட்டர் என்றால் 1/32-இல் அது 0.125 மில்லிமீட்டர். பெயிண்ட் இரண்டு கோட் தடிமனாக விழுந்தால் அடைந்தேபோகும். கோடு போட்ட பிறகு, கண்ணாடி நடுவில் புதுத் தூண் வர வேண்டும். கிட்டின் பிளாஸ்டிக்கேயான ஸ்டைரீனில் அரை மில்லிமீட்டர் பட்டையை வெட்டி வையுங்கள். ஸ்டைரீன் கைக்கு வரவில்லையென்று போர்டு எழுதும் கடைகளில் கிடைக்கும் சன்போர்டை எடுக்காதீர்கள். அது பி.வி.சி. நுரை; இந்த சிமென்டுக்குப் பிடிக்காது. பெரிய பஸ் மாடலுக்கு அருமையான சரக்கு அது. நம் அரசு பஸ்களை சன்போர்டில் ஜன்னல் கம்பி வரை செய்கிற பையன்கள் தமிழ்நாடு முழுக்க இருக்கிறார்கள், அவர்கள் கைவேலை என்னை அசரவைக்கிறது.

சக்கரத்துக்கு ஒரு நல்ல கணக்கு இருக்கிறது. ஹெரால்டின் ரிம் 13 அங்குலம், 1/32-இல் 10.3 மில்லிமீட்டர். டமியா கம்பெனியின் மினி கூப்பர் கிட் 1/24 அளவு. பழைய மினியின் ரிம் 10 அங்குலம், அந்த அளவில் 10.6 மில்லிமீட்டர். கால் மில்லிமீட்டர்தான் வித்தியாசம். பெட்டியில் எந்த அளவு போட்டிருந்தாலும் ஸ்கேலை வைத்துப் பாருங்கள். மினியின் ரிம் ஹெரால்டுக்குச் சேரும். டயர் சேராது, அகலமும் உயரமும் கூடிவிடும், ஆகவே ஹெரால்டு கிட்டின் டயரையே தேய்த்துப் பொருத்த வேண்டும்.

பின் அச்சை வைத்தும் பார்க்கிறவர் ஹெரால்டையும் கெஸலையும் பிரித்தறிவார். ஹெரால்டின் ஸ்விங் ஆக்ஸிலில் பின் சீட்டில் ஆள் ஏறினால் சக்கரத்தின் தலை உள்பக்கம் சாயும். வண்டியைத் தூக்கினால் கால் உள்ளே மடங்கும். ஆகவே ஹெரால்டுக்கு இரண்டு தனிக் குச்சிகளை லேசான சாய்வில் ஒட்ட வேண்டும். கெஸலுக்கு ஒரே பித்தளைக் கம்பி, நேராக. இதைக் கவனிக்காமல் கட்டிய மாடல் எவ்வளவு பளபளத்தாலும் எனக்கு மனசு ஒப்பாது.

பெயிண்டுக்கு மழைக்காலம் ஆகாது. ஐப்பசி, கார்த்திகையில் காற்றில் ஈரம் மிகுந்திருக்கும்போது லாக்கர் அடித்தால், தின்னர் வேகமாக ஆவியாகி மேற்பரப்பு குளிர்ந்து, ஈரம் படிந்து வெள்ளை பூக்கும். தை, மாசியில் காலை வெயிலில் அடியுங்கள். முதலில் சாம்பல் நிற ப்ரைமர். தேய்த்ததில் விட்டுப்போன கீறல் எல்லாம் அதில்தான் வெளியே வரும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், மாஸ்க் போடுங்கள். இந்த ஆவி நுரையீரலுக்கு நல்லதில்லை.

இந்த வேலையில் கைத்திறனைவிடப் பெரிய தட்டுப்பாடு தகவல்தான். பிரிட்டிஷ் ஹெரால்டு பற்றிப் புத்தகம் புத்தகமாக இருக்கிறது. நாலு கதவு ஹெரால்டுக்கும் கம்பானியனுக்கும் கெஸலுக்கும் டாஷ்போர்டு எப்படி, பின் கதவு எங்கே வளைகிறது, எந்த வருஷத்தில் எந்த கிரில் என்று சரியாகச் சொல்ல, அந்தக் காரைக் கட்டிய கைகளைத்தான் தேடிப்போக வேண்டும். வண்டலூர், பெருங்களத்தூர், தாம்பரம், கூடுவாஞ்சேரி பக்கம் ஸ்டாண்டர்டில் வேலை பார்த்த பெரியவர் உங்கள் வீட்டில் இருந்தால், அவரிடம் உட்கார்ந்து கேட்டு எழுதிவையுங்கள். பரணில் பழைய ஓனர்ஸ் மேனுவலோ, விளம்பரத் தாளோ, காரோடு எடுத்த கல்யாணப் படமோ கிடந்தால் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். செல்போனில் ஒரு படமாவது எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.