முழங்கை வலி: பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள்

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் ஒருவர் "திருவண்ணாமலைக்குப் போறேன்" என்றால், கிரிவலத்துக்கு வடக்கே பஸ் ஏறுகிறார் என்று எண்ணிவிட வேண்டாம். ஊரை ஒட்டியே அந்தப் பெயரில் ஒரு கிராமம் இருக்கிறது. குன்றின் மேல் சீனிவாசப் பெருமாள் கோயில். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் கூட்டம் அலைமோதும். 'டென்னிஸ் எல்போ'வும் இப்படி ஆளை ஏமாற்றும் பெயர்தான். இங்கிலாந்தில் 1880களில் டென்னிஸ் ஆடியவர்களிடம் கண்டதால் அப்பெயர் ஒட்டிக்கொண்டது. ஆனால் இந்த வலியோடு வருபவர்களில் பெரும்பாலோர் டென்னிஸ் பேட்டைத் தொட்டதே இல்லை. மாலையில் ஷட்டில் ஆடுபவருக்கு வரும். பால்கோவாச் சட்டியில் மணிக்கணக்காகத் துடுப்புப் போடுபவருக்கும், துணி பிழியும் கைக்கும் வரும். 35 முதல் 55 வயதுக்குள் இருப்பவர்களுக்கே அதிகம்.

கிழிசல் எங்கே?

முழங்கையின் வெளிப்புறத்தில் விரலால் தடவினால் ஓர் எலும்பு முனை தட்டுப்படும். மணிக்கட்டை மேல்நோக்கி நிமிர்த்தும் தசைகள் அந்த முனையில்தான் நாணாகச் சேர்ந்து கட்டுண்டிருக்கின்றன. எதை இறுக்கிப் பிடித்தாலும் மணிக்கட்டு மடங்காமல் அவைதான் தாங்கும். அதனால்தான் வேலை கையில் நடக்க, வலி முழங்கையில் வருகிறது.

ஷட்டிலில் பேக்ஹேண்ட் அடியை மணிக்கட்டால் மட்டும் வீசுவது, கைக்குப் பொருந்தாத கிரிப், அளவுக்கு மீறி இறுக்கிய பேட் நரம்பு, வாரமெல்லாம் சும்மா இருந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் ஆடுவது ஆகியவை நாணின் தாங்குதிறனை மீறுகின்றன. நாள்பட்ட வலியில் வீக்கத்தைவிட நாணின் இழைகள் நைந்துபோயிருப்பதே முக்கியம். 'அழற்சி' என்று பெயர் சூட்டி, அதைத் தணிக்கும் மருந்தையே நம்பியிருப்பது இரண்டாவது ஏமாற்றம்.

உள்ளங்கை தரையைப் பார்க்க, ஒரு நாற்காலியின் முதுகைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். அந்த எலும்பு முனையில் சுளீரென்றால் இதுவாக இருக்கலாம். மோதிர விரலும் சுண்டுவிரலும் மரத்துப்போவது, கழுத்திலிருந்து வலி இறங்குவது, மூட்டு சிவந்து காய்ச்சல் வருவது, விழுந்து அடிபட்டபின் கையை நீட்ட முடியாமல் போவது ஆகியவை வேறு கோளாறின் அடையாளங்கள். உடனே மருத்துவரைப் பாருங்கள். இடக்கை வலியோடு நெஞ்சு இறுகினால் 108ஐ அழையுங்கள்.

எது குணமாக்கும்?

பத்தில் எட்டு ஒன்பது பேருக்கு அறுவைச் சிகிச்சை இல்லாமலே ஓராண்டுக்குள் சரியாகிறது. கையைக் கட்டிப்போட வேண்டாம். வலி கூட்டும் வேலையை மட்டும் குறையுங்கள். பொருளைத் தூக்கும்போது உள்ளங்கை மேல்நோக்கியும், பொருள் உடம்போடு ஒட்டியும் இருக்கட்டும்.

முன்கையை மேசை மீது வைத்து, உள்ளங்கை கீழே பார்க்க, கையை விளிம்புக்கு வெளியே நீட்டுங்கள். அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்து, மறுகையின் உதவியால் மணிக்கட்டை உயர்த்துங்கள். பிறகு வலிக்கும் கையால் மட்டும், நான்கு எண்ணும் வரை மெல்ல இறக்குங்கள். 15 முறை, மூன்று சுற்று. லேசாக வலிக்கலாம், மறுநாள் காலைக்குள் அது அடங்க வேண்டும். பலன் தெரிய 6 முதல் 12 வாரம் ஆகும். பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் நேரில் கற்றுக்கொள்வது நல்லது.

சச்சின் டெண்டுல்கரையே இந்த வலி விடவில்லை. 2004இல் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான முதல் இரண்டு டெஸ்ட்களை இழந்தார். 2005 மே மாதம் லண்டனில் அறுவைச் சிகிச்சை. அக்டோபரில் நாக்பூரில் 93 ரன். ஆனால் கத்தி கடைசி வழி. 6 முதல் 12 மாதம் முறையாகப் பயிற்சி செய்தும் குறையாதவர்களுக்கே அந்தப் பேச்சு.

அவசரத்தின் விலை

ஸ்டீராய்டு ஊசி போட்டால் சில வாரங்களில் வலி பறந்துவிடும். ஆஸ்திரேலியாவில் 165 பேரிடம் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், அந்த ஊசி போட்டவர்களில் 54 சதவீதம் பேருக்கு வலி திரும்பியது. மருந்தில்லாத ஊசி போட்டவர்களில் 12 சதவீதம் பேருக்குத்தான். கடையில் பெயரில்லாத உறையில் தரும் 'செட்' மாத்திரையிலும் ஸ்டீராய்டு இருக்கலாம். வலி மாத்திரையை வாரக்கணக்கில் விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். 'சுளுக்கு எடுக்கிறேன்' என்று வெடுக்கென்று இழுப்பவரிடம் நைந்த நாணை ஒப்படைக்காதீர்கள்.

கேட்க உங்களுக்கு உரிமை உண்டு

ஊசிக்கு முன் நான்கு கேள்வி: என்ன மருந்து? வேறு வழி உண்டா? என்ன கெடுதல் வரலாம்? எவ்வளவு செலவு? விளக்கம் கேட்டு அறிந்தபின் தரும் சம்மதமே சம்மதம் என்று உச்ச நீதிமன்றம் 2008இல் சமிரா கோலி வழக்கில் தெளிவாக்கியது. மருத்துவப் பதிவேடுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்கின்றன 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறைகள். சீட்டையும் ரசீதையும் பத்திரப்படுத்துங்கள்.

கட்டணம் வாங்கிய சிகிச்சையில் அலட்சியம் நேர்ந்தால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019ன்படி இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட ஆணையத்தில் புகார் தரலாம். விருதுநகர் மாவட்டத்துக்கான ஆணையம் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இருக்கிறது. செலுத்திய கட்டணம் 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது. ஆலோசனைக்கு 1915ஐ அழையுங்கள். ஆனால் குணமாகவில்லை என்பது மட்டுமே அலட்சியத்துக்குச் சான்றாகாது.

மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கி, இஎஸ்ஐயில் சேர்க்கப்பட்ட ராஜபாளையம் மில் தொழிலாளிக்குச் சிகிச்சை இலவசம். தகுதி நாட்கள் நிறைந்திருந்தால், மருத்துவர் ஓய்வு எழுதித் தரும் நாட்களுக்கு 70 சதவீதக் கூலி, ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும்.

களத்துக்குத் திரும்பும்போது முதல் நாள் அரை மணி நேரம் போதும், ஸ்மாஷ் வேண்டாம். மறுநாள் காலையில் ஈரத்துண்டைப் பிழிந்து பாருங்கள். முழங்கை முணுமுணுக்கவில்லை என்றால் அடுத்த முறை பத்து நிமிடம் கூட்டுங்கள்.