வலிக்கு எண்ணெயா... கவனிப்பா?

"டாக்டர், அப்பாவுக்கு இனிமே கீமோதெரபி வேண்டாம்னு சொல்லிட்டாங்க. ராத்திரியெல்லாம் வலி, பொட்டுத் தூக்கமில்லே. கஞ்சா எண்ணெய் கொடுத்தா நிம்மதியா இருப்பார்ங்கறாங்களே... கொடுக்கலாமா?"

புற்றுநோய் முற்றிய ஒருவர் இருக்கும் வீட்டில் எழக்கூடிய கேள்விதான் இது. கேட்பதில் தப்பே இல்லை. கண்ணெதிரே ஒருவர் துடிக்கும்போது, யார் எதைச் சொன்னாலும் செய்து பார்க்கத்தான் தோன்றும்.

கஞ்சாச் செடியில் முக்கியமான பொருட்கள் இரண்டு. ஒன்று டி.ஹெச்.சி. - போதை தருவது இதுதான். இன்னொன்று சி.பி.டி. - இது போதை தராது. வலி, கவலை எல்லாம் பறந்துவிடும் என்று பலரும் நம்புவது இந்த சி.பி.டி. எண்ணெயைத்தான்.

பிரிஸ்பேன் சொன்ன பாடம்

ஆஸ்திரேலியாவில் 2016-ல் மருத்துவ கஞ்சாவுக்குச் சட்டம் வழிவிட்டது. பிரிஸ்பேன் நகர டாக்டர்கள் இதை முறையாகச் சோதித்துப் பார்த்தார்கள். நோய் முற்றிய 144 பேர். ஒரு பிரிவுக்கு சி.பி.டி. எண்ணெய், மறு பிரிவுக்கு மருந்தே இல்லாத வெறும் எண்ணெய். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது! வலி, களைப்பு, குமட்டல், பசியின்மை, மனச்சோர்வு என ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை மார்க் போட்டது நோயாளிகள்தான்.

இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால்... சி.பி.டி. சாப்பிட்டவர்களின் கஷ்டம் குறைந்திருந்தது. 'அட, பலித்துவிட்டதே' என்கிறீர்களா? பொறுங்கள்... வெறும் எண்ணெய் சாப்பிட்டவர்களுக்கும் அதே போலக் குறைந்திருந்தது!

இரு பிரிவினருக்கும் பொதுவாகக் கிடைத்தது ஒன்று உண்டு. 'பேலியேட்டிவ் கேர்' எனப்படும் தணிப்புச் சிகிச்சை. நோயைத் துரத்துவதற்குப் பதில், நோயாளியின் அவஸ்தையைக் குறைப்பதே இதன் வேலை. 'அந்தக் கவனிப்பு தந்த பலனுக்கு மேல் எண்ணெய் எதையும் சேர்க்கவில்லை' என்பதுதான் 2023-ல் மருத்துவ இதழில் வெளியான முடிவு.

அதற்காகக் கஞ்சாவில் மருந்தே இல்லை என்று அர்த்தமில்லை. வேறு மருந்துக்கு அடங்காத கீமோதெரபி வாந்திக்கு, டி.ஹெச்.சி. மாத்திரையை அமெரிக்கா 1985-லேயே அனுமதித்தது. ஆனால் தலைசுற்றல், குழப்பம் வரலாம். புற்றுநோயையே கரைத்துவிடும் என்பதற்கோ நம்பகமான ஆதாரம் கிடையாது.

நம் வீட்டில் என்ன செய்யலாம்?

* கஞ்சாவைத் தேடி அலையாதீர்கள். நம் நாட்டில் 1985-ம் வருடச் சட்டப்படி அது குற்றம்.

* "மார்ஃபினா... அப்போ முடிஞ்சுதா?" என்று பயப்படாதீர்கள். கடும் வலிக்கு நன்கு தெரிந்த மருந்து அது. டாக்டர் சொன்ன அளவில், நேரம் தவறாமல் கொடுக்க வேண்டும். மலச்சிக்கல் வரும், அதற்கான மருந்தையும் கேட்டு வாங்குங்கள். மார்ஃபின் கிடைப்பதை எளிதாக்க 2014-ல் சட்டமே திருத்தப்பட்டது.

* தினமும் வலிக்கு நோயாளியிடமே மார்க் கேட்டு நோட்டில் குறித்து வையுங்கள். டாக்டருக்கு அது பெரிய உதவி.

* ஏற்கெனவே ஏதாவது எண்ணெய் கொடுத்திருந்தால் மறைக்காதீர்கள். ரத்தம் உறையாமலிருக்கத் தரும் வார்ஃபரின் போன்ற மருந்துகளின் வேகத்தை சி.பி.டி. கூட்டிவிடக்கூடும்.

"இனி ஒண்ணும் செய்ய முடியாது" என்று யாராவது கைவிரித்தால் அழுதுகொண்டே திரும்பி வந்துவிடாதீர்கள். "பேலியேட்டிவ் கேர் எங்கே கிடைக்கும் டாக்டர்?" என்று கேளுங்கள். அப்பாவின் அடுத்த ராத்திரி, வலியில்லாத ராத்திரியாக அமைய அந்த ஒரு கேள்வி வழிகாட்டும்!